குடும்பத்தோடு ஃபுட்டி பார்க்க இவ்வளவு செலவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் கிரிக்கெட் வருகிறது, கோயில் திருவிழா வருகிறது, வீட்டு விலையும் வட்டி விகிதமும் வாராவாரம் வருகின்றன. ஆனால் சிட்னியின் மேற்குப் பகுதியில் வளரும் நம் பிள்ளைகள் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதலில் பேசுகிற விஷயத்தைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை. ஃபுட்டி என்று பிள்ளைகள் சொல்கிற ரக்பி லீக்கைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இடைவேளை நேரத்தில் போய் நின்று பாருங்கள், பரமட்டா ஈல்ஸா பென்ரித் பேந்தர்ஸா, எந்த அணி பெரியது என்று எட்டு வயசுப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், அதுவும் பாதித் தமிழில். இந்தப் பிள்ளைகளை ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நேரில் காட்டலாம் என்று சாதாரணச் சம்பளக்காரர்கள் நினைத்தால் அது எவ்வளவு பெரிய செலவாக ஆகிவிட்டது என்பதை யாராவது எழுதத்தானே வேண்டும், அதனால் நானே எழுதுகிறேன்.

நான் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன், ஷிப்ட் வேலை. கணவர் கிடங்கு ஒன்றில் இருக்கிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள், விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு இருக்கும் மாமியார், ஆக மொத்தம் ஆறு பேர். நம் சமூகத்தில் இது பெரிய குடும்பமே இல்லை. ஆனால் டிக்கெட் வாங்க உட்கார்ந்தால் முதல் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. ஃபேமிலி டிக்கெட் என்றால் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். மூன்றாவது பிள்ளைக்குத் தனி டிக்கெட். மாமியாருக்கு முழு டிக்கெட். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் இந்த நாட்டுப் பென்ஷன் அட்டையோ சீனியர்ஸ் அட்டையோ அவரிடம் கிடையாது, விசிட்டர் விசாவில் இருப்பவருக்கு அதெல்லாம் கொடுக்க மாட்டார்கள். அதனால் சலுகை விலையும் கிடையாது. ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்து வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் இதே நிலைமைதான். பேரன் ஆசைப்படுகிற இடத்துக்குத் தாத்தாவோ பாட்டியோ கூட வருவதுதான் நமக்கு வழக்கம், அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் போவதற்கு மனசு வருமா?

நாங்கள் போய்விட்டு வந்த கணக்கைச் சொல்கிறேன். எந்த மைதானம், டிக்கெட் விற்றது யார் என்றெல்லாம் எழுதவில்லை, ஏனென்றால் என்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டால் சிட்னியில் எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கதைதான் சொல்கிறார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால், மிக மலிவும் இல்லை மிக விலையும் இல்லை என்கிற இடத்தில் ஆறு பேருக்கு டிக்கெட் நூற்றைம்பது டாலரைத் தாண்டியது. இதில் இணையத்தில் வாங்கும்போது கடைசித் திரைக்கு வந்த பிறகு சேர்கிற கையாளும் கட்டணமும் அடக்கம், டிக்கெட்டோ போனுக்குத்தான் வருகிறது, தாளில் அச்சடித்துக் கூடத் தருவதில்லை, அதைக் கையாளுவதற்கு என்ன கட்டணம் என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை. பார்க்கிங் முப்பது டாலர் பக்கம். உள்ளே போன பிறகு சாப்பாடும் குடிக்கவும் தொண்ணூறு. தொப்பி ஒன்று, கொடி ஒன்று, அது ஒரு முப்பது. முந்நூறு டாலர் போய்விட்டது. யாரும் பீர் குடிக்கவில்லை, யாருக்கும் ஜெர்சி வாங்கவில்லை.

இந்த நாட்டில் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலர் 95 சென்ட். அப்படிப் பார்த்தால் முந்நூறு டாலர் என்பது வரி பிடிப்பதற்கு முன்பே 12 மணி நேர உழைப்பு. ஆட்டம் 80 நிமிடம்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிக்கெட்டாவது வீட்டிலிருந்தே யோசித்து வாங்குகிறோம், உள்ளே போன பிறகு யோசிக்க முடியாது. பிள்ளைகள் இடைவேளையில் பசிக்கிறது என்கிறார்கள். வரிசையில் நிற்கிறோம். முன்னால் நிற்கிற குடும்பத்தில் ஒரு அப்பா, கையில் கார்டை வைத்துக்கொண்டு மேலே ஒளிரும் விலைப் பலகையையும் பிள்ளைகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், கடைசியில் ஒரே ஒரு சிப்ஸ் டப்பாவும் நாலு மரக்கரண்டியும் வாங்கிக்கொண்டு போகிறார். அந்த டப்பாவில் இருந்தது வீட்டில் இரண்டு உருளைக்கிழங்கை நறுக்கினால் வருகிற அளவு. தண்ணீர் பாட்டில் ஒன்றின் விலைக்கு வெளியே சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கட்டே வாங்கலாம். குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், கழிப்பறைப் பக்கம் போகச் சொன்னார்கள், போனால் ஒரே ஒரு குழாய், அதற்கும் வரிசை. ஒரு பிள்ளை குடிக்கும் தண்ணீரில் இலாபம் பார்க்க வேண்டிய அளவுக்கு இந்த விளையாட்டு ஏழையாகிவிட்டதா என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றியது, இன்றைக்கும் அதையேதான் கேட்கிறேன்.

நாங்கள் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமும் ரோல்ஸும் கொண்டுபோயிருந்தோம். வாசலில் பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். கண்ணாடிப் பாட்டிலும் டின்னும்தான் கூடாதாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது, வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம், சினிமா தியேட்டரைப் பார்த்துப் பழகியதால் இருக்கலாம். ஒவ்வொரு மைதானத்துக்கும் விதி கொஞ்சம் மாறும், போவதற்கு முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சாதம் இருந்தும் தொண்ணூறு டாலர் ஆனது ஏன் என்று கேட்பீர்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளை இறைச்சி அடைத்த மீட் பையும் சாஸும் சாப்பிடும்போது நம் பிள்ளை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த அம்மாவால் பேசாமல் இருக்க முடியும்? விலை போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, இதெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதானே, விலைவாசி ஏறிவிட்டது, இதில் ரக்பி லீக்கை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறாய் என்று கேட்டார் என் கணவர். என் பதில் இதுதான். இந்த விளையாட்டு பிறந்ததே உழைப்பாளிகளின் சம்பளப் பிரச்சினையில். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி, வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற ஆலை நகரத்தில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்கள் அப்போது ரக்பியை நடத்திவந்த ரக்பி யூனியன் என்ற அமைப்பை விட்டுப் பிரிந்தன. காரணம், சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும், அந்த இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. வசதியானவர்கள் நடத்திய யூனியன் கூடாது என்றது. பிரிந்து வந்தவர்கள் நாளுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்றார்கள். சிட்னியிலும் அதே கதைதான். 1907இல் அலெக்ஸ் பர்டன் என்ற ஆட்டக்காரர், தொழிலால் முடிதிருத்துபவர், ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். யூனியன் நிர்வாகம் இழப்பீடு தரவில்லை. அந்தக் கோபத்தில்தான் இங்கே ரக்பி லீக் அமைப்பு அதே ஆண்டில் தொடங்கியது, 1908இல் 9 அணிகளோடு முதல் பருவம் நடந்தது. தொடங்கியவர்களில் ஒருவர் விக்டர் டிரம்பர், ஆமாம், கிரிக்கெட் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த அதே பேட்ஸ்மேன் டிரம்பர்தான். ஒருநாள் கூலி போனால் குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்து உண்டான விளையாட்டு இது. அந்தக் கூலிக்காரர்களின் இன்றைய வாரிசுகள் யார்? பரமட்டாவிலும் பிளாக்டவுனிலும் மவுண்ட் ட்ரூயிட்டிலும் இருக்கிற நர்ஸ், டிரைவர், கிளீனர், கிடங்குத் தொழிலாளி. அதாவது நாமும் நம் பக்கத்து வீட்டு சமோவா, டோங்கா, லெபனான் குடும்பங்களும். எங்களை வாசலில் நிறுத்தி விலை கேட்கிற உரிமை இந்த விளையாட்டுக்கு மற்ற விளையாட்டுகளை விடக் குறைவு என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது மைதானம் யாருடைய பணத்தில் நிற்கிறது என்கிற கேள்வி. பரமட்டாவில் 2019இல் திறந்த 30,000 இருக்கை மைதானத்தைக் கட்டியது மாநில அரசு. மூர் பார்க்கில் பழைய மைதானத்தை இடித்துவிட்டு 2022இல் திறந்த புது மைதானத்துக்கு 80 கோடி டாலருக்கு மேல் ஆனது, அதுவும் அரசுப் பணம். இப்போது பென்ரித்திலும் அரசுப் பணத்தில்தான் புதிதாகக் கட்டுகிறார்கள். நான் மைதானம் கட்டக் கூடாது என்று சொல்லவில்லை, நல்ல மைதானம் நம் பகுதிக்கும் வேண்டும்தான். ஆனால் கட்டும்போது வரியாக ஒரு தடவை கொடுத்துவிட்டோம் அல்லவா? அப்புறம் உள்ளே நுழைய, காரை நிறுத்த, தண்ணீர் குடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் அதே நாம் மறுபடியும் கொடுக்கிறோம். பொதுப் பணத்தில் கட்டிய இடத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் இத்தனை டாலருக்குள் வந்துபோக முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை போட அரசுக்கு என்ன தடை? நம் பகுதி எம்பிக்கள் தேர்தலுக்கு முன்னால் கோயிலுக்கும் பொங்கல் விழாவுக்கும் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அப்போது இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

கிளப்களுக்கு வருமானம் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் இந்த விளையாட்டு இன்று பெரும்பாலும் டிவி பணத்தில்தான் ஓடுகிறது. சானல் நைனும் ஃபாக்ஸும் ஒளிபரப்பு உரிமைக்குக் கொடுப்பது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர். பல அணிகளுக்குப் பின்னால் லீக்ஸ் கிளப் என்கிற பெரிய கேளிக்கை மன்றங்கள் வேறு இருக்கின்றன, அவற்றின் வருமானத்தில் பெரிய பங்கு போக்கர் மெஷின் என்கிற சூதாட்ட இயந்திரத்திலிருந்து வருகிறது, அந்த மெஷின்களில் பணத்தை விடுகிறவர்களும் அதிகமாக நம் மேற்குப் பகுதிக்காரர்கள்தான். 2024 முதல் பருவத்தின் தொடக்க ஆட்டங்களை லாஸ் வேகாஸில் கொண்டுபோய் நடத்துகிறார்கள், புது ரசிகர்களைப் பிடிக்க வேண்டுமாம். அமெரிக்காவில் புது ரசிகரைத் தேடுகிறவர்கள் இங்கே மேற்குச் சிட்னியில் வென்ட்வொர்த்வில்லிலும் டூங்காபியிலும் இருக்கிற புது ரசிகரைப் பார்த்தால் என்ன?

டிவி பணம் இன்னொரு விதத்திலும் குடும்பங்களைத் தொடுகிறது. ஆட்ட நேரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஒளிபரப்புதான். வியாழக்கிழமை இரவு 7.50க்கு ஆட்டம் தொடங்குகிறது. சைரன் அடித்து முடியும்போது மணி பத்தைத் தொட்டுவிடும், கூட்டத்தோடு நடந்து வந்து ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து சேரும்போது பதினொன்றாகும், மறுநாள் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை 6 மணி ஆட்டம் என்றால் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு முதல் பாதி போய்விடும். எட்டு வயசுப் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கு உருப்படியான நேரம் சனி அல்லது ஞாயிறு பிற்பகல்தான், அந்த ஆட்டம் நம் அணிக்கு எப்போதாவது ஒரு தடவைதான் விழுகிறது. விழுகிற அன்றைக்கு ரயில் பாதையில் டிராக்வொர்க், அதாவது பராமரிப்பு வேலை என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டுவிடுவார்கள், அது தனிக் கதை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கிளப்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஃபேமிலி மெம்பர்ஷிப் இருக்கிறது, பருவம் முழுக்க எடுத்தால் ஆட்டத்துக்கு இவ்வளவுதான் என்று கணக்குப் போட்டால் மலிவாகவே தெரியும். சில ஆட்டங்களுக்குப் பிள்ளைகளுக்குச் சலுகை விலை விடுகிறார்கள். ஆனால் மெம்பர்ஷிப் என்பது யாருக்குச் சரிவரும்? வாரக் கடைசி நிச்சயமாக ஓய்வு என்று தெரிந்தவர்களுக்கு. அடுத்த பதினைந்து நாள் ரோஸ்டரே கடைசி நேரத்தில் வருகிற என்னைப் போன்றவர்கள் எந்த ஆட்டத்துக்குப் போக முடியும் என்று தெரியாமல் மொத்தப் பணத்தை எப்படிக் கட்டுவது? தவணையில் கட்டலாம் என்கிறார்கள், போகாத ஆட்டத்துக்குத் தவணை கட்டுவதும் நஷ்டம்தானே. மெம்பர்ஷிப் மலிவு, தனி டிக்கெட் விலை அதிகம் என்று வைத்தால், நிரந்தர வேலையில் இருப்பவர் குறைவாகவும் கேஷுவல் வேலையில் இருப்பவர் அதிகமாகவும் கொடுக்கிற நிலைதான் வருகிறது.

ஜெர்சி பற்றி இரண்டு வார்த்தை. சின்னப் பிள்ளைக்கான ஜெர்சியே நூறு டாலரைத் தாண்டுகிறது. வருஷா வருஷம் டிசைன் மாறுகிறது, அதோடு போர் வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் வாரத்துக்கு ஒன்று, பூர்வகுடிகள் வாரத்துக்கு ஒன்று. பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியத்தோடு வருகிற அந்த ஜெர்சி உண்மையிலேயே அழகாக இருக்கிறது, அதை மதிக்கிறேன், ஆனால் மூன்று பிள்ளை வீட்டில் எத்தனை வாங்க? போன வருஷ ஜெர்சியோடு வருகிற பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஏதாவது ஒரு சின்னச் சலுகை கொடுத்தாலே போதும், பழையதைப் போட்டுக்கொள்ள வெட்கப்பட மாட்டார்கள்.

வீட்டில் டிவியில் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். பார்க்கிறோம்தான். சானல் நைனில் வாரத்துக்கு மூன்று ஆட்டம் இலவசமாக வருகிறது, மற்றதற்குக் காயோ என்கிற இணைய ஒளிபரப்புச் சந்தா வேண்டும். ஆனால் டிவியில் பார்க்கிற ஆட்டமும் நேரில் பார்க்கிற ஆட்டமும் ஒன்றா? டிவியில் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமரா. நேரில் போனால்தான் பந்து இல்லாத பக்கத்தில் ஓரத்தில் ஆடும் விங்கர் எப்படி நகர்ந்து நிற்கிறார், பந்து வைத்திருப்பவரை ஐந்தாவது தடவை மடக்கிப் பிடிக்கிற டாக்கிளுக்கு முன்பே பின்வரிசை எப்படி விலகிப் போய் உதைக்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. என் மூத்தவன் ஆட்டம் ஆடுகிறவன், அவன் அந்த 80 நிமிடத்தில் கற்றுக்கொண்டதை வீட்டு சோபாவில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தாலும் கற்றிருக்க மாட்டான். நூறு கிலோ ஆள் இருவர் மோதுகிற சத்தம் முன்வரிசைக்குக் கேட்கிறது, டிவியில் அது வராது. மாமியாருக்கு ஆட்ட விதி ஒன்றும் தெரியாது, ஆனால் நம் அணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து டிரை போட்டு 4 புள்ளி எடுத்தபோது முன்னால் இருந்த ஒரு டோங்கா அம்மா எழுந்து திரும்பி இவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார், இவரும் சேர்ந்து குதித்தார். இருவருக்கும் பொது மொழி எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு வீரர்கள் வேலியோரமாக நடந்து வந்து பிள்ளைகள் நீட்டுகிற கைகளையெல்லாம் தட்டிக்கொண்டு போனார்கள், என் கடைசி மகள் அந்தக் கையை வீட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருந்தாள். "அம்மா, அடுத்த வாரமும் போகலாமா?" என்று காரில் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். முந்நூறு டாலரை மனசில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல?

இந்த நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது என் ஊர், இது என் அணி என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும். பரமட்டா அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1986இல், அப்போது நம்மில் பலர் இந்த நாட்டுக்கே வரவில்லை, ஆனாலும் அந்த வருஷத்தைச் சொல்லி என் மகன் பெருமூச்சு விடுகிறான், ஏதோ தான் நேரில் பார்த்த மாதிரி. பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நாலு தடவை வென்றபோது அவனுடைய சினேகிதர்கள் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. இப்படி ஒரு ஊர்ப் பற்று வருவதற்கு நாம் பாடம் எடுக்க முடியாது. அது மைதானத்தில்தான் வருகிறது, அதுவும் சின்ன வயசில்தான் வருகிறது. இன்றைக்கு வாசலுக்கு வெளியே நிற்கிற பிள்ளை இருபது வருஷம் கழித்து மெம்பர்ஷிப் எடுக்கும் என்று கிளப்கள் எந்த நம்பிக்கையில் இருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

விலையைக் குறைத்தால் நஷ்டம் வரும் என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் 2017இல் ஒரு பெரிய மைதானத்தைத் திறந்தார்கள், மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம். அங்கே ஆடும் அணியின் உரிமையாளர் ஆர்தர் பிளாங்க் உள்ளே சாப்பாட்டு விலையைப் பழைய மைதானத்தை விடப் பாதியாகக் குறைத்தார், ஹாட் டாக் 2 டாலர், எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் குளிர்பானம் 2 டாலர், வரியும் அதற்குள்ளேயே. முதல் வருஷத்திலேயே ஒரு ரசிகர் சராசரியாகச் செலவு செய்தது 16 சதவீதம் கூடியது. சீக்கிரமே வந்து உள்ளேயே சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்துக் கிளப்கள் 2016-17 பருவத்திலிருந்து வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டை 30 பவுண்டுக்கு மேல் விற்பதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. உலகத்திலேயே பணம் கொழிக்கிற லீக் அது. எல்லா கிளப்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஓர் உச்சவரம்பு வைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. இறுதிச் சுற்றும், நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதுகிற ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்களும் தவிர்த்து, வழக்கமான ஆட்டங்களில் பெரியவரோடு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுமதி இலவசமாக இருக்கட்டும். நிரம்பாத மேல்வரிசை இருக்கைகள் எத்தனையோ ஆட்டங்களில் காலியாகக் கிடப்பதை டிவியிலேயே பார்க்கிறோம், காலி இருக்கை யாருக்கும் ஒரு சென்ட் தருவதில்லை. ஃபேமிலி டிக்கெட் என்பதை இரண்டும் இரண்டும் என்று வைக்காமல் ஒரே வீட்டில் இருந்து வருகிறவர்கள் என்று வையுங்கள். அறுபது, எழுபது வயதானவர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சலுகை விலை கொடுங்கள், அட்டை கேட்காதீர்கள். மீட் பை, சிப்ஸ், சாசேஜ், தண்ணீர் ஆகிய நாலுக்கு மட்டும் வெளிக்கடை விலையை ஒட்டி ஒரு வரம்பு, மற்றதை என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளட்டும், பீர் விலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தண்ணீர்க் குழாய் எல்லா வாசலுக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். டிக்கெட் விலை முதல் திரையில் என்ன காட்டுகிறதோ அதுதான் கடைசியிலும் இருக்க வேண்டும். பிற்பகல் ஆட்டம் எல்லா சிட்னி அணிக்கும் பருவத்தில் கணிசமாகக் கிடைக்க வேண்டும், ஒளிபரப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதை எழுதி வாங்குவது இந்த முதல் தரப் போட்டியை நடத்துகிற என்ஆர்எல் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.

அதுவரைக்கும் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காரை விட்டுவிடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ரயில், பஸ் பயணத்துக்கான ஓப்பல் கார்டில் ஒரு நாள் கட்டணத்தின் உச்சவரம்பு குறைவு, 2024 டிசம்பரில் தொடங்கிய பரமட்டா லைட் ரயில் வெஸ்ட்மீட்டிலிருந்து கார்லிங்ஃபோர்ட் வரை ஓடுகிறது, பரமட்டா மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்திலேயே இறங்கலாம். முதல் தர ஆட்டம் மட்டுமே ஆட்டம் என்று நினைக்காதீர்கள். அதற்கு அடுத்த தரமான நியூ சவுத் வேல்ஸ் கப் ஆட்டங்கள், 2018இல் தொடங்கிய மகளிர் என்ஆர்எல்டபிள்யூ ஆட்டங்கள் எல்லாம் செலவு குறைவு, ஆட்டத்தின் தரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் தெரியாது. பெண் பிள்ளைகளைக் கண்டிப்பாக மகளிர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். வென்ட்வொர்த்வில்லில் ரிங்ரோஸ் பார்க் என்று ஒரு மைதானம் நம் கடைத்தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது, எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அதற்குள் போயிருக்கின்றன? உள்ளூர் கிளப் ஆட்டம், வேலியோரம் நின்றால் வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது கூடக் கேட்கும். அப்படியானால் பெரிய மைதானம் வேண்டாமே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகனுக்குப் பிடித்த வீரர்கள் ஆடுவது அங்கேதான், அவனும் அங்கேதான் போக வேண்டும்.

கிளப்கள் அடுத்த பருவத்து மெம்பர்ஷிப் விலையை இந்தப் பருவம் முடிந்த கையோடு அறிவித்துவிடும். அதற்குப் பிறகு புலம்பிப் பயனில்லை, அதற்கு முன்பே நாம் எழுத வேண்டும். தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதினால் கிளப்கள் கவனிக்கும், ஏனென்றால் புதிதாக வந்த சமூகங்களை இழுக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போன வாசகர்களிடமிருந்து அவர்களுடைய ரசீதுகளைக் கேட்டு வாங்கி, பெயர் இல்லாமல் ஒரு பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தோடு சேர்த்து சிட்னி அணிகள் எல்லாவற்றுக்கும் என்ஆர்எல் அலுவலகத்துக்கும் அனுப்பி, பதில் வந்தால் அதையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் அச்சிடுங்கள். முதல் ரசீதை நான் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
வென்ட்வொர்த்வில், சிட்னி